கியர்பாக்ஸில் இல்லாத கோளாறு

பெருந்துறையில் நூல் மில் வைத்திருந்த தாண்டவமூர்த்தி, கியர் தானாக மாறும் கார் ஒன்றை வாங்கினார். டிரைவர் மருதாசலம் ஓட்டினால் அது வழுக்கிக்கொண்டு போகும். முதலாளி ஓட்டினாலோ துள்ளிக் குலுங்கி நிற்கும்.

"கியர்பாக்ஸை நீதான்டா கெடுத்துட்டே," என்று வாசலில் நின்று கத்தினார் முதலாளி. "பட்டறைக்குக் கொண்டுபோனா ஊரே சிரிக்கும். இங்கேயே, பானெட்டைத் திறக்காம, கோளாறு என்னன்னு காட்டு. முடியலைன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

கோளாறு எதுவென்று மருதாசலத்துக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால்தான் வேலை நிச்சயமாகப் போகும்.

"இது பெரிய மனுசங்க வண்டிங்க. இடது காலை சீட்டு மேல மடிச்சு வெச்சு, ஜமீன்தார் கணக்கா உக்காந்து ஓட்டிப் பாருங்க," என்றான்.

அந்தப் பேச்சு முதலாளிக்குப் பிடித்துவிட்டது. காலை மடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓட்டினார். ஒரு குலுக்கல் இல்லை. அந்த உற்சாகத்தில் காலைக் கீழே இறக்கினார். கார் துள்ளி நின்றது.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி வடிவாம்பாள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க, இந்த வண்டியில இல்லாத கிளட்சுன்னு நெனச்சு இடது காலால பிரேக்கையா மிதிக்கறீங்க?"

முதலாளி டிரைவரை முறைத்தார். "என்னடா சொல்றா இவ?"

"ஒண்ணுமில்லைங்க. நீங்க புது வண்டியில ஏறிட்டீங்க. உங்க கால் மட்டும் இன்னும் பழைய வண்டியை விட்டு எறங்கலைங்க."

முதலாளி இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து, "மில்லுக்குப் போ," என்றார்.