கோணப்பட்டி சேவா சங்கம் லண்டனில் சோறு போட்ட வைபவம்

எங்கள் கோணப்பட்டியில் ஒரு குளம் இருக்கிறது. ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீர் எங்கே கிடக்கிறதென்று தண்ணீருக்கே தெரியாது. அதைச் சுத்தம் பண்ண ஆள் கேட்டால் ஊர் மொத்தமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். ஆனால் லண்டனுக்குப் போய்த் தொண்டு செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு அறக்கட்டளை கேட்டதோ இல்லையோ, எங்கள் சேவா சங்கத்தில் ஒருத்தருக்கும் இடுப்பு வலிக்கவில்லை.

நாலு பேர் தேர்வானார்கள். தலைவர் ஏகாம்பரம், செயலாளர் நாச்சியப்பன், பொருளாளர் குழந்தைவேலு, எந்தப் பதவியும் மிச்சமில்லாததால் ஆலோசகர் ஆன துரைக்கண்ணு. ‘வெள்ளைக்காரனுக்கே வழிகாட்டப் போகும் எங்கள் விடிவெள்ளிகளே’ என்று பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். நானும் சங்கத்து மெம்பர்தான். எனக்கு பாஸ்போர்ட் வரவில்லை. ஊருக்குக் கொடுத்து வைக்கவில்லை என்றார்கள் சிலர், லண்டனுக்குக் கொடுத்து வைத்தது என்றார்கள் சிலர்.

அங்கே நடந்ததை நாலு பேரும் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெருமையாகச் சொன்னார்கள்!

லண்டனில் ஒரு தெருமுனையில் பழைய மண்டபம். சனிக்கிழமை தோறும் அக்கம்பக்கத்து முதியவர்களுக்கு அங்கே மதியச் சாப்பாடு. பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட, வாரம் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிற ஜனங்கள் அவர்கள். மண்டபத்தை நடத்துகிறவர் பவளராணி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது முப்பது வருஷமாக அங்கே இருப்பவர்.

“கவனமாக் கேளுங்கோ,” என்றார் அக்கா. “வாற சனிக்கிழமை கவுன்சிலில இருந்து ஹார்ப்பர் எண்டு ஒரு ஆபீசர் வாறார். சனம் வருகுதோ எண்டு பாக்கத்தான் வாறார். வரேல்லை எண்டு எழுதிப்போட்டார் எண்டால் இதை இடிச்சு கார் விடுற இடம் ஆக்கிப்போடுவினம். இந்த வயது போன சனத்துக்கு வேற போக்கிடம் இல்லை. விளங்கிச்சோ?”

“விளங்கிடுச்சுக்கா,” என்றார் ஏகாம்பரம். அவருக்கு விளங்கியதாக வரலாறே கிடையாது.

சனிக்கிழமை வந்தது. காலையில் காய்கறி நறுக்கும் வேலை. “குப்பையை வெளியில இருக்கிற தொட்டியில, நிறத்தைப் பாத்துப் போடுங்கோ,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனார். நம்ம ஆட்கள் நிறம் பார்த்தார்கள். கோஸ் இலை, பச்சைப் பாட்டில், யாரோ மறந்து வைத்த பச்சைத் தொப்பி எல்லாம் பச்சைத் தொட்டிக்குப் போயின. உருளைக்கிழங்குத் தோல் பழுப்புத் தொட்டிக்கு. அழுகின தக்காளிதான் இடித்தது.

“சிவப்புத் தொட்டி இல்லையே தலைவரே?”

“இல்லாம இருக்குமா? இவ்வளவு பெரிய ஊரு. தேடுங்கய்யா.”

தேடினார்கள். எதிர்ச்சாரியில் ஆளுயரத்துக்குச் சிவப்பாக ஒன்று நின்றது. வாய் மட்டும் சின்னது. “சுத்தத்தைப் பார்த்தீங்களா, ஒவ்வொண்ணாத்தான் போட முடியும்,” என்று துரைக்கண்ணு மெய்மறந்து போனார். கூடைத் தக்காளியையும் பிதுக்கிப் பிதுக்கி உள்ளே தள்ளினார்கள்.

கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தார். லண்டன் மாநகரத்துக் கடிதாசு எல்லாம் சட்னியாக அவர் காலில் கொட்டியது.

“ஐயோ, என்ர கடவுளே!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். தபாலாபீசுக்கு வந்து விளக்கம் சொன்னால்தான் ஆச்சு என்று தபால்காரர் ஒற்றைக்காலில் நின்றார். போகிற அவசரத்தில் அக்கா வாசலில் நின்று சொன்னார்: “நான் வாற வரைக்கும் தெரியாத ஆக்கள் ஒருத்தரையும் உள்ள விடாதேங்கோ. போன மாசம் ஒருத்தன் வந்து தேத்தண்ணிக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு போட்டான். வாற சனத்துக்கு வடிவாச் சாப்பாடு குடுங்கோ. ஒருத்தரும் பசியோட வெளியில போகக் கூடாது.”

நல்ல வார்த்தைதான். சொன்ன இடம்தான் தப்பு.

முதலில் வந்தவர் நோரா என்கிற ஐரிஷ் கிழவி. பத்து வருஷமாக அந்த மண்டபத்தில் சாப்பிடுகிறவர். ஏகாம்பரம் குறுக்கே கையை நீட்டினார்.

“நாச்சி, இந்தம்மாவை உனக்குத் தெரியுமா?”

“தெரியாது தலைவரே. குழந்தைவேலு, உனக்கு?”

“எனக்கு லண்டன்லயே யாரையும் தெரியாதே.”

கிழவிக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கம்பூன்றிய தாத்தாக்கள், சக்கர நாற்காலிப் பாட்டிகள், எல்லாரும் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேரும் வாசலிலேயே கூட்டம் போட்டார்கள்.

“தெரியாதவங்களை விடக்கூடாது. சரி. தெரிஞ்சுக்கிட்டா விடலாம்ல?” என்றார் துரைக்கண்ணு.

அடேயப்பா, என்ன மூளை! அப்புறம் என்ன, கோணப்பட்டி வழக்கப்படி தெரிந்துகொண்டார்கள். பேர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மூத்தவன் என்ன பண்றான், மருமகள் எப்படி, சுகர் இருக்கா. நாச்சியப்பன் தன் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் கேட்டார், பாதியைக் கையால் கேட்டார். என்ன ஆச்சரியம் என்றால் ஒரு கிழவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் யாரும் இதையெல்லாம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. நோரா கிழவி மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவர், உள்ளே போய் உட்கார்ந்தும் நிறுத்தவில்லை.

சாப்பாடு ஆயிற்று. ஜனங்கள் எழுந்தார்கள். கதவை மறித்துக்கொண்டு குழந்தைவேலு நின்றார்.

“பசிக்குதாம்மா?”

இல்லை, வயிறு நிரம்பிவிட்டது, போதும் என்றார் நோரா.

குழந்தைவேலு தலைவரைப் பார்த்தார். “போதும்னு சொல்றாங்களே?”

“நம்ம ஊர்ப் பந்தியில எந்த மனுஷனாவது முதல் தடவையே வேணும்னு சொல்லியிருக்கானாய்யா? போதும்னா கூச்சப்படறாங்கன்னு அர்த்தம். இன்னொரு கரண்டி வை.”

“இலையை மறைச்சா?”

“நல்லாக் கெஞ்சிப் போடணும்னு அர்த்தம்.”

ஆக, வந்தவர்கள் வெளியே போகவில்லை. தாமதமாக வந்தவர்களும் தெரிந்துகொள்ளப்பட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பூனைக்குச் சாப்பாடு வைக்கணும் என்று நோரா கண்ணைக் கசக்கினார். ‘ஒருத்தரும் பசியோட போகக் கூடாது’ என்று அக்கா சொன்னதில் பூனை சேருமா என்று ஒரு தனி விவாதம் நடந்து, சேரும் என்று முடிவாகி, துரைக்கண்ணு பூனையைத் தூக்கிவரப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஹார்ப்பர் வந்தார். கோட்டு, டை, கடுகடுத்த முகம்.

“இவரைத் தெரியுமா?”

“தெரியாது.”

தெரிந்துகொண்டார்கள். நாற்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டதும் ஏகாம்பரத்துக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. “அநியாயம்! யாரும் இல்லாத பிள்ளை. இவனுக்கு யாரு ஆக்கிப் போடுவா? உட்கார வைங்கய்யா!”

ஹார்ப்பர் தான் ஆபீசர் என்றார். சாம்பார் விழுந்தது. தனக்குப் பசியில்லை என்றார். பொரியல் விழுந்தது. போதும், போதும் என்று இரண்டு தடவை சொன்னதற்கு இரண்டு தடவை பாயசம் விழுந்தது. பொழுது சாயும்போது பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, நோரா கிழவிக்கு மருமகள் செய்த கொடுமைக்கெல்லாம் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்.

பவளராணி அக்கா திரும்பி வந்து இந்தக் கோலத்தைப் பார்த்ததும் மண்டபம் தொலைந்தது என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், அழுகையே வந்துவிட்டது.

ஹார்ப்பர் மெதுவாக எழுந்து வந்தார். “இவ்வளவு கூட்டத்தை நான் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை. வந்தவர்கள் திரும்பியே போவதில்லை. மண்டபம் இருக்கட்டும்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனால் அந்த நாலு பேர் இனி இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தால் மறுபடி யோசிப்பேன்,” என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. ஆனந்தக் கண்ணீரோடு நாலு பேரையும் விமானம் ஏற்றினார். தாய் மனசு, சும்மா அனுப்பவில்லை. “போய்ச் சேர்ந்த உடனே எனக்குச் சொல்லிப் போடுங்கோ. அதுவரைக்கும் எனக்கு நித்திரை வராது.”

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகச் சங்கம் கூடியது.

“அந்தம்மா தூங்காம இருக்கும். சொல்லணுமே,” என்றார் ஏகாம்பரம்.

“ஒரு போன் அடிங்கய்யா!” என்றேன் நான்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். “போன்ல பேசினா நாம எங்கேயிருந்து பேசறோம்னு அந்தம்மாவுக்கு எப்படிப்பா தெரியும்?” என்றார் துரைக்கண்ணு. “ஊர் வந்து சேர்ந்துட்டோம்னு நேர்ல போய்ச் சொன்னாத்தான் நம்புவாங்க.”

விசாவில் இன்னும் நாள் இருந்தது. யார் யார் வீட்டு வளையல் அடகுக்குப் போனது என்று நான் சொல்ல மாட்டேன், அந்தச் சண்டைகள் இன்னும் ஓயவில்லை.

மூன்று நாலு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, லண்டன் மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஹார்ப்பரும் நோராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் ஒரு சனிக்கிழமையும் தவறுவதில்லை. கதவு திறந்தது.

பவளராணி அக்கா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. “நீங்கள் ஊருக்குப் போகேல்லையோ?”

“போனோம்க்கா. நாலு பேரும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டோம். அதைச் சொல்லத்தான் வந்தோம். நீங்க இனி நிம்மதியாத் தூங்கலாம்.”

அக்கா நடுங்கிப்போய் ஹார்ப்பரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மண்டபத்தை மூடச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் தன் தட்டைத்தான் மூடிக்கொண்டார்.

“பாவம், பிள்ளைக்கு இன்னும் கூச்சம் போகலை,” என்று குழந்தைவேலு கரண்டியை எடுத்தார்.

ஏகாம்பரம் அக்காவிடம் பணிவாகக் கேட்டார்: “அக்கா, இந்தத் தடவை போய்ச் சேர்ந்ததும் மறுபடி வந்து சொல்லணுமா? இல்லை, இதுவே போதுமா?”

“போதும்!” என்று அலறினார் அக்கா. “போதும், போதும்!”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

“கூச்சப்படறாங்க,” என்றார் ஏகாம்பரம். “இன்னும் ரெண்டு தடவை வந்துடுவோம்.”