டெய்லர் ஐயா கேட்ட புதுப் பெயர்

ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம் இருந்தது. அதை நடத்தியவர் அருளம்மை. அவருக்கு வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் சிரில் டெய்லர். ஆங்கிலோ இந்தியர். ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி மோரீன் அந்த வருஷம்தான் இறந்திருந்தாள். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பையோடு வந்து நின்றார்.

தங்குவதற்கு இடம் கேட்டார். கூடவே ஒரு புதுப் பெயரும் கேட்டார். எல்லாவற்றையும் விட்டு வருகிறவர்களுக்கு மடத்தில் வேறு பெயர் வைப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அருளம்மை இடம் கொடுத்தார். பெயரைப் பற்றி, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மடத்தில் சமையல் பார்த்தவள் கன்னியம்மா. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், மடத்துக்கு ஒரு டெய்லர் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே ஊர்ப் பெண்கள் கிழிந்த ரவிக்கை, பொத்தான் போன சட்டை, ஓரம் அடிக்காத பாவாடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

டெய்லர் என்பது தன் பெயர்தான், தொழில் இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, அவசரம் ஒன்றும் இல்லை, சந்தை நாளுக்குள் தைத்துக் கொடுத்தால் போதும் என்று சொல்லி, துணிகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

டெய்லர் நேராக அருளம்மையிடம் வந்தார். இதற்காகவாவது வேறு பெயர் கொடுங்கள் என்றார். அவர் முன்னோர் தேசத்துப் பெயர்களின் கதையை அன்றுதான் அருளம்மை முழுதாகக் கேட்டார்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆளை அடையாளம் சொல்ல அவன் செய்கிற வேலையைச் சொல்வார்களாம். ரொட்டி சுட்டவன் பேக்கர். இரும்படித்தவன் ஸ்மித். துணி தைத்தவன் டெய்லர். ஊருக்கு ஊர் தையல்காரன் வேண்டுமே, அதனால் ஊருக்கு ஊர் டெய்லர்கள் பெருகினார்கள். தகப்பன் பெயர் மகனுக்கு வந்தது. மகன் வேறு வேலைக்குப் போனான், பெயர் போகவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டில் மிகச் சாதாரணமாகக் காதில் விழுகிற பெயர்களில் அது ஒன்று. அப்படி ஒரு டெய்லர் சிப்பாயாக மதராசுக்குக் கப்பலேறி வந்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லோரும் ரயில்காரர்கள்.

"எங்க குடும்பத்துல யாரும் ஒரு பொத்தான் தைச்சது கிடையாதும்மா. பேர் மட்டும் சும்மா ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

"துணியெல்லாம் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லை. அங்கேயே இருக்கு."

அருளம்மை உள்ளே போய் ஊசியும் நூலும் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

வீட்டில் தையல் மோரீனின் வேலை. டெய்லருக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியவில்லை. கன்னியம்மா சொல்லிக் கொடுத்தாள். விரலெல்லாம் குத்திக்கொண்டார். முதலில் போட்ட தையல் வாய்க்கால் மாதிரி வளைந்து போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. தைத்ததை அவர் வீடு வீடாகக் கொண்டுபோனால் வாங்கிக்கொண்டு, வாசல் பந்தலுக்குள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். மாசி பிறப்பதற்குள் அவருக்கு ஓரளவு கை வந்துவிட்டது. யாராவது புதிதாக வந்து, நீங்கள்தான் டெய்லரா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பச்சையம்மாள் வந்தாள். சின்ன வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைக் குழந்தைக்குக் கவுனாத் தைச்சுக் குடுங்க ஐயா. வளர்ந்தா இவளுக்கு அவங்கப்பா முகம் ஞாபகம் இருக்காது. இதையாவது போட்டுக்கட்டும்."

டெய்லர் குழந்தைக்கு அளவெடுத்தார். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

அவள் போன பிறகு சட்டையை விரித்தார். துவைக்காத சட்டை. காலரில் வியர்வைக் கறை. பீடி வாசனை இன்னும் இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தார். கீழே வைத்தார். மறுநாளும் எடுத்தார். பச்சையம்மாள் வந்து கேட்டபோது, இன்னும் ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினார். இரண்டாம் தடவை அவள் வந்தபோது அவர் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

கடைசியில் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அருளம்மையிடம் வந்தார்.

"இதை டவுன்ல வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கம்மா. என்னால ஆகலை."

"எது ஆகலை?"

அவர் சொன்னார். ஜோலார்பேட்டை வீட்டில் ஓர் அலமாரி இருக்கிறது. அதில் மோரீனின் கவுன்கள் தொங்குகின்றன. அவள் போனதிலிருந்து அதை அவர் திறக்கவில்லை. அதைத் திறக்கவும் முடியாமல், அதோடு ஒரே வீட்டில் இருக்கவும் முடியாமல்தான் கிளம்பி வந்தார். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பேசினார்.

"டெய்லர்னா தைக்கிறவன்னு உங்ககிட்ட சொன்னேன். எங்க அப்பா வேற மாதிரி சொல்லுவார். அந்த வார்த்தை பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து வந்ததாம். அதுக்கு முதல் அர்த்தம் வெட்டறவன். எல்லாத்தையும் வெட்டிட்டு வந்துட்டேன்னு நினைச்சேன். ஒரு சட்டையை வெட்ட முடியலை."

அருளம்மை சட்டையை அவரிடமிருந்து வாங்கித் தரையில் விரித்தார். சுருக்கங்களைக் கையால் நீவினார். எதிரே உட்கார்ந்து இரண்டு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

டெய்லர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அருளம்மை கையை எடுக்கவில்லை. அவருக்குக் கை வலித்திருக்கும்.

பிறகு கத்தரிக்கோல் துணியில் இறங்கிற்று. அவர் அழுதுகொண்டே வெட்டினார். வெட்டிய கோடு மட்டும் நேராக வந்தது. சட்டைப் பைக்குக் கிட்டே வந்ததும் நிறுத்தி யோசித்தார். அதை வெட்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

கவுன் இரண்டு நாளில் தயாராயிற்று. அதைப் பச்சையம்மாளே மடத்து வாசலில் வைத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். நெஞ்சில் அப்பனின் பை அப்படியே இருந்தது. அந்தச் சின்ன உடம்பில் பாதியை அந்தப் பை அடைத்துக்கொண்டது. குழந்தை அதற்குள் கையை விட்டு, ஒன்றும் இல்லாமல் வெளியே எடுத்து, திரும்பவும் விட்டது. பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் செத்ததிலிருந்து அவள் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"அவரும் இப்படித்தான் ஐயா. பீடி தீர்ந்ததை மறந்துட்டுத் துழாவுவாரு."

டெய்லர் குழந்தையின் தோள் தையலைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் அவர் ஜோலார்பேட்டைக்குக் கிளம்பினார். வீட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போய் மூன்று நாளில் வந்துவிடுவதாகச் சொன்னார். ஊரில் கவுன் இல்லாத குழந்தைகள் யார் யார் என்று கன்னியம்மாவிடம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். புதுப் பெயரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அருளம்மையும் பேச்செடுக்கவில்லை.

பஸ் வருகிற நேரம். அருளம்மை சாலை வரை கூட வந்தார்.

"அலமாரியில நிறைய இருக்கும்மா. எதை முதல்ல வெட்டறது?"

"அவங்க எதை ரொம்பப் போட்டுக்கிட்டாங்க?"

"ஒரு மஞ்சள் பூப்போட்டது. வீட்டுல எப்பவும் அதுதான்."

"அப்ப அதை வெட்டுங்க."

டெய்லர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூரத்தில் பஸ் திரும்பிற்று.

"அது ரொம்ப நைஞ்சு போயிருக்குமேம்மா."

"குழந்தைக்கு உறுத்தாது, ஐயா" என்றார் அருளம்மை.