பூநாரைக்கு வந்த சிவப்பு

பறவையும் இறாலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூநாரை வெள்ளைவெளேரென்று இருந்தது. நெடுங்காலி என்று ஒரு பூநாரை, கோடியக்கரைப் பக்கத்து உப்பங்கழியில் குஞ்சு பொரித்திருந்தாள். அங்கே ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது. சித்திரை வெயிலில் குஞ்சின் தோல் கொப்பளித்து உரிந்தது. சிறகை விரித்து மறைத்தும் பயனில்லை.

அதே வெயிலில், கணுக்கால் ஆழத் தண்ணீரில், கூனி என்கிற பொடி இறால்கள் சிவக்கச் சிவக்க நீந்திக்கொண்டு சுகமாக இருந்தன.

"உங்களை மட்டும் வெயில் எப்படி விட்டுவைக்குது?" என்று கேட்டாள் நெடுங்காலி.

செம்மி என்ற தாய்க் கூனி சொன்னாள்: "எல்லாம் இந்தச் சிவப்புதான் அக்கா. பாசியைத் தின்னு தின்னு சேர்த்தது. வெயில் முதல்ல இதோட மோதி ஓய்ஞ்சுடும். அப்புறம்தான் தோலுக்கு வரும்."

"எம்புள்ளைக்கும் கொஞ்சம் கொடேன், தாயி."

செம்மியும் பிள்ளை பெற்றவள். யோசிக்கவே இல்லை. "ஆயுசு முடிஞ்சு கரை ஒதுங்கின எங்க சனத்தை எடுத்துக்குங்க. உசுரோட இருக்கிறவங்களைத் தொடாதீங்க, அது போதும்."

நெடுங்காலி சத்தியம் செய்தாள். ஒதுங்கியதைத் தின்று, தொண்டையில் ஊறிய சிவப்புப் பாலைக் குஞ்சுக்கு ஊட்டினாள். ஏழாம் நாள் புண் ஆறியது. கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவள் சிறகிலும் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. "அடேயப்பா, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியே!" என்றது ஒரு கொக்கு. போதாதா? இன்னும் கொஞ்சம் சிவந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கரையில் ஒதுங்கியதெல்லாம் தீர்ந்திருந்தது. ஒரு மத்தியானம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அலகைத் தண்ணீருக்குள் விட்டு, உயிரோடு இருந்தவர்களை வாய் நிறைய அள்ளி விழுங்கினாள். யாரை விழுங்குகிறோம் என்று தெரியக் கூடாது என்றுதான் கண்ணை மூடினாள்.

திறந்தபோது காலருகே ஒரு குட்டிக் கூனி நின்றது.

"பெரியம்மா, எங்கம்மாவைப் பாத்தீங்களா? உங்க புள்ளைக்குப் புண்ணு ஆறிடுச்சான்னு கேட்டுட்டு வரேன்னு இப்பத்தான் இந்தப் பக்கம் வந்தாங்க."

நெடுங்காலி கக்கிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அந்தச் சின்ன முகத்தை நேருக்கு நேர் பார்க்க வெட்கி, தலையை அப்படியே கவிழ்த்துக்கொண்டாள்.

பூநாரையின் நிறத்தைப் பார்த்து நாம் அழகு, அழகு என்கிறோம். அதுவோ, அன்று தொட்டுத்தான், கூனி இருக்கும் தண்ணீரில் வாய் வைக்கும்போதெல்லாம் முகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு தின்கிறது.