படகு சுத்துச்சு, போல்ட்டு சுத்தல

கஸ்பார் அண்ணன் பொய் சொல்லமாட்டார். அப்படின்னு அவரே சொல்லுவார். எங்க துறைமுகத்துல ரொம்ப வருஷமா விசைப்படகுக்கு எஞ்சின் டிரைவரா ஓடுற ஆளு. கடலுக்குப் போனா மீனோட வருவார், போகலன்னா கதையோட வருவார்.

அன்னைக்குக் காத்து பலமா அடிக்கும், யாரும் கடலுக்குப் போகக்கூடாதுன்னு அறிவிச்சுட்டாங்க. படகெல்லாம் கட்டிக் கெடந்துச்சு. நாங்க நாலஞ்சு பேரு ஐஸ் கம்பெனிக்கு எதுத்தாப்புல இருக்குற டீக்கடையில காலை நீட்டி உக்காந்திருந்தோம். அப்போ மெக்கானிக் பெலவேந்திரம் அண்ணாச்சி வந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸு, உள்ளங்கையில கொப்புளம். காலையில இருந்து துருப்பிடிச்ச ஒரே ஒரு போல்ட்டோட மல்லுக்கட்டுறதாவும், அது இம்மி அசையலன்னும் சொன்னார்.

கஸ்பார் அண்ணன் அந்தக் கையைப் பிடிச்சு, நாடி பாக்குற வைத்தியர் மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம், "இதெல்லாம் ஒரு போல்ட்டா அண்ணாச்சி?"ன்னார்.

அண்ணாச்சி ஒரு டீ சொல்லிட்டு உக்காந்தார். அவர் அதிகம் பேசாத மனுஷன். பேசாத ஆளு பக்கத்துல இருந்தா கஸ்பார் அண்ணனுக்கு வாய் இன்னும் அகலமாத் தெறக்கும்.

விஷயம் இப்படியாம். அவர் படகுல வலை இழுக்குற பிரிட்டோவுக்குக் கல்யாணம். பொண்ணோட அப்பா கறாரான ஆளு. விருந்துல சீலா மீன் இருந்தாத்தான் தாலி, இல்லன்னா பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன்னு சொல்லிட்டார். ஏலத்துலயும் சீலா இல்ல, சந்தையிலயும் இல்ல. அதனால கல்யாணத்துக்கு மொத நாள் மாப்பிள்ளையே மீன் பிடிக்கக் கெளம்பிட்டான். பகல் பூரா வலை விட்டாங்க. விழுந்தது எல்லாம் சாளை. சீலா ஒண்ணுகூட இல்ல. சரி, திரும்புவோம்னு படகத் திருப்பினா, எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுபோச்சு.

தண்ணி பம்புதான் கோளாறு. மூடியைக் கழட்டினாத்தான் உள்ள பாக்கமுடியும். மூடியில இருந்த போல்ட்டு எல்லாம் நல்ல பிள்ளையா வந்துச்சு. கடைசி ஒண்ணு மட்டும் வரல. அந்த போல்ட்ட பூட்டின மெக்கானிக்கோட பேரனுக்கே பேரன் பொறந்தாச்சாம், அவ்வளவு பழைய துரு. டீசல் ஊத்தினாங்க. மண்ணெண்ணெய் ஊத்தினாங்க. குழம்புக்கு வச்சிருந்த தேங்காய் எண்ணெயையும் ஊத்தினாங்க. சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்கு கோவத்துல சுத்தியல எடுத்து ஓங்கி ஒண்ணு போட்டார். சுத்தியல்ல பள்ளம் விழுந்துச்சு. அப்புறம் ஸ்பேனர மாட்டி எல்லாரும் சேந்து இழுத்ததுல, ஸ்பேனர் வாயில ஒரு பக்கம் பளிச்சுன்னு ஒடஞ்சு கடல்ல போயிருச்சு. மிஞ்சினது ஒத்தப் பல்லு ஸ்பேனர்.

எங்க கூட்டத்துல தொம்மைன்னு ஒருத்தர் உண்டு. வலை வியாபாரம். கையில எப்பவும் ஒரு வடை இருக்கும். ஒத்தப் பல்லு எப்படிப் போல்ட்டக் கவ்வும்னு அவர் கேட்டார்.

"எங்கய்யாவுக்கு ஒத்தப் பல்லுதான். கரும்பு கடிப்பார்."

தொம்மை மேற்கொண்டு வடையைக் கடிச்சார்.

பிரிட்டோ ஐஸ் பெட்டி மேல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தானாம். உன் கண்ணீர்ல உப்பு இருக்கு, போல்ட்டு இன்னும் துருப்பிடிக்கும், அந்தப் பக்கமாப் போயி அழுன்னு கஸ்பார் அண்ணன் அவன அனுப்பிட்டார். ஆனா மனசு கேக்கல. அவரு பொண்டாட்டி தூரத்துச் சொந்தத்துல அந்தப் பொண்ணுக்கு அத்தையாம். கல்யாணம் நின்னா வீட்டுல சோறு கெடைக்காது. அதனால பிரிட்டோவோட ரப்பர் செருப்புல ஒரு துண்டு அறுத்து, ஸ்பேனர்ல பல்லு இல்லாத எடத்துல செருகி, போல்ட்டுல மாட்டினார். மூச்சைப் பிடிச்சு இழுத்தார்.

கிர்ருன்னு ஒரு சத்தம். சுத்துது, சுத்துதுன்னு எல்லாரும் சந்தோஷத்துல கத்தினாங்க. ஸ்ராங்கு மட்டும் வெளிய எட்டிப் பாத்துட்டு வெளிறிப்போயி வந்தார். கரையில லைட் ஹவுஸ் வருதாம், போகுதாம். திரும்பவும் வருதாம், போகுதாம்.

"போல்ட்டு சுத்தலடே. போல்ட்டு நின்ன எடத்துல நின்னுச்சு. படகுதான் அதச் சுத்திச்சு"ன்னார் கஸ்பார் அண்ணன்.

டீ ஆத்திக்கிட்டு இருந்த கடைக்காரரு கையை நிறுத்திட்டார். படகு சுத்துனா உள்ள இருக்குற நீங்களும்தான சுத்தணும்னு அவர் கேட்டது நியாயமான கேள்வி. கஸ்பார் அண்ணன் அவரப் பரிதாபமாப் பாத்தார். கால் தரையில இருந்தாத்தான சுத்தும்? அவர் ஸ்பேனரப் பிடிச்சு வௌவால் மாதிரி தொங்கிக்கிட்டு இருந்தாராம். ஸ்பேனர் நின்னுச்சு, அவரும் நின்னார். கீழ படகு சுத்துச்சு. நடுவுல, படகுல சமைக்கிற பண்டாரி ஒரு டம்ளர் கடுங்காப்பி போட்டு நீட்டினாராம். ஒவ்வொரு சுத்துக்கும் டம்ளர் கிட்ட வரும்போது ஒரு வாய் குடிச்சார். அப்படியே முழுசும் குடிச்சு முடிச்சாச்சு.

படகு சுத்தின வேகத்துல கடல் சும்மா இருக்குமா? தயிர் கடையுற பானை மாதிரி நடுவுல குழி விழுந்துச்சு. குழி ஆழமாச்சு. தண்ணி நாலு பக்கமும் சுவரு மாதிரி எழும்பி நிக்க, படகு மெதுவா எறங்கி எறங்கி, கடலுக்கு அடியில மணல்ல போயி உக்காந்துருச்சு. அப்போ பாத்தா, அந்தத் தண்ணிச் சுவத்துல வரிசையா சீலா மீன். ஒவ்வொண்ணும் ஆள் நீளம். பிரிட்டோ அழுகைய நிறுத்திட்டு எறங்கிப் போனான். சுவத்துக்குள்ள கைய விட்டு, செவுளைத் தூக்கிப் பாத்து, வயித்த அமுக்கிப் பாத்து, சந்தையில பொம்பளைங்க எடுக்குற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டான். ரெண்டு மீன் பிடிக்கலன்னு திருப்பி உள்ள வச்சுட்டு வந்தானாம்.

மீன் கெடைச்சாச்சுல்ல, கதைய முடிங்கன்னு தொம்மை சொன்னார். அவர் வடையும் தீந்துபோச்சு.

மீன் கெடைச்சு என்ன செய்ய, படகு நிக்குறது கடலுக்கு அடியில, பொழுது சாஞ்சாச்சு, விடிஞ்சாக் கல்யாணம். போல்ட்டு இன்னும் வரல. ஆனா கஸ்பார் அண்ணனுக்கு இப்போ ஒரு வசதி கெடைச்சுது. மணல்ல படகு நல்லா ஊனி நிக்குது, இனி சுத்தாது. அவரும் காலை ஊனிக்கிட்டார். பிரிட்டோவ இடுப்பப் பிடிச்சுக்கச் சொன்னார், பிரிட்டோவ ஸ்ராங்கு பிடிச்சார், ஸ்ராங்கப் பண்டாரி பிடிச்சார். ஒரே இழு.

போல்ட்டு சுத்தல. படகும் சுத்தல.

"அப்போ எதுதான் சுத்துச்சு?"ன்னு நானே கேட்டுட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"பூமி."

அவர் அதக் கொஞ்சம் வருத்தமாச் சொன்னார், ஏதோ செய்யக்கூடாததச் செஞ்சுட்ட மாதிரி. அண்ணாந்து பாத்தா, முங்கப்போன சூரியன் திரும்ப மேல ஏறுதாம். சாயங்காலம் போயி மத்தியானம் ஆயிருச்சு. கரையில மாடுங்க தொழுவத்துல இருந்து திரும்ப மேய்ச்சலுக்குப் போச்சாம். பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைங்க பின்பக்கமாவே நடந்து வகுப்புல போயி உக்காந்துச்சாம். ஊரு பூரா அன்னைக்கு ரெண்டு தடவை மத்தியானச் சோறு தின்னுச்சாம். உங்களுக்கே ஞாபகம் இருக்கும், ஒரு நாளு சாப்பிட்டு முடிச்சதும் திரும்பப் பசிச்சிருக்கும்னு தொம்மையப் பாத்துச் சொன்னார். தொம்மை ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, எனக்குத் தினமும் அப்படித்தான் இருக்குன்னார்.

பூமி கால் சுத்து சுத்தின பெறவுதான் போல்ட்டு எறங்கி வந்து டக்குன்னு கழண்டுச்சாம். உடனே அடியில இருந்து தண்ணி ஊறி, பிள்ளையத் தூக்குற மாதிரி படகத் தூக்கி மேல விட்டுச்சு. சுவரும் மெதுவா, ஒரு பாத்திரம் உருளாம, மூடிக்கிச்சு. பம்ப சரி பண்ணி, எஞ்சின ஓட்டி, கரைக்கு வந்தாச்சு. பிரிட்டோ வீட்டுக்கு ஓடிக் குளிச்சு, கோட்டு மாட்டி, மாலையப் போட்டுக்கிட்டுக் கோயில் வாசலுக்குப் போயிட்டான். பொழுது பின்னால போனதுல கல்யாணத்துக்கு இன்னும் ஏகப்பட்ட நேரம் கெடந்துச்சு. அந்த வெயில்ல அவன் கோட்டோட உக்காந்து விடியுற வரைக்கும் காத்துக் கெடந்தானாம், பாவம்.

நாங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் பெலவேந்திரம் அண்ணாச்சி காலி கிளாஸக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தார். சத்தம் அடங்கினதும் தலையத் தூக்கினார்.

"கஸ்பாரு, ஸ்பேனர எந்தப் பக்கமாத் திருப்பினே?"

கஸ்பார் அண்ணன் உற்சாகமா எழுந்து நின்னு, இல்லாத ஸ்பேனரக் கையில பிடிச்சு, வலப்பக்கமா ஓங்கி ஒரு இழு இழுத்துக் காட்டினார்.

"அது இறுக்குற பக்கம்லா"ன்னார் அண்ணாச்சி.

கடைக்காரரு அடுப்பக் குறைச்சுட்டு எட்டிப் பாத்தார். கஸ்பார் அண்ணன் மாட்டிக்கிட்டு நான் பாத்ததே இல்ல. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அவர் தன் கையப் பாத்தார். வெறும் காத்துல இன்னொரு தடவை மெதுவா வலப்பக்கமாத் திருப்பிப் பாத்தார். அப்புறம் உக்காந்து, கிளாஸ்ல மிச்சம் இருந்த டீய உறிஞ்சி, தோள்ல கெடந்த துண்டால வாயத் தொடச்சுக்கிட்டார்.

"இறுக்கத்தான் செஞ்சேன் அண்ணாச்சி. நீங்க எல்லாரும் கழட்டப் பாப்பீங்க, அதான் வரமாட்டேங்குது. நான் விடாம இறுக்கினேன். இறுக்க இறுக்க அது உள்ள போயி, போயி, அந்தப் பக்கமா வெளிய வந்து விழுந்துருச்சு."

அண்ணாச்சி காலி கிளாஸ பெஞ்சுல வச்சார். அப்புறம் எழுந்து, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பட்டறையப் பாத்து நடந்தார். பாதி வழியில நின்னார். யாரும் பாக்கலன்னு நெனச்சாரு போல. கைய நீட்டி வலப்பக்கமா ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு, விறுவிறுன்னு உள்ள போனார்.