பக்கெட்டின் நிழலில் சோறு

காளையார்கோயில் வட்டாரத்தில் நெடுங்காலம் பொக்லைன் ஓட்டிய ஆரோக்கியம் என்பவர், 2014ஆம் ஆண்டு ஐப்பசியில், மழைக்கு வேலை நின்றுபோன ஒரு பிற்பகலில், வண்டிப் பட்டறையில் அமர்ந்து சொன்ன கதை இது. இதற்கு வேறு வடிவங்களும் உண்டு. அவர் சொன்ன வரிசை மாறாமல் இங்கே தரப்படுகிறது.

*

"என்னைய எப்ப தாயி ஆளுன்னு ஒத்துக்குவ?" என்று கேட்டார் சோணைமுத்து.

பாக்கியமேரி பொக்லைனின் செயினில் அப்பியிருந்த களிமண்ணைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்து ஐம்பதைத் தாண்டியவர். பாக்கியமேரிக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் தூர்வாரும் அந்தக் கண்மாய்க்குள் அவள் குரு, அவர் சீடர். விவரம் தெரிந்த நாள் முதல் மண்வெட்டி பிடித்த கை, எந்திரத்தின் லிவரைத் தொட்டது அந்தப் பங்குனியில்தான்.

"மண்ணு அள்ள வருது. லாரியில கொட்ட வருது. கரையை இடிக்காமத் திரும்ப வருது. இன்னும் என்னதான் வரணும்?"

"இறங்க வரணும், சித்தப்பு."

"ஏறின மனுசனுக்கு இறங்கத் தெரியாதா?"

"தெரிஞ்சா நான் ஏன் சொல்லப்போறேன்?"

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. விளையாடும் நாள் அல்ல அது.

வண்டிக்குச் சொந்தக்காரர் சேதுராசு அன்று வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய இரண்டாவது வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும். பாக்கியமேரி சரி என்றால் அந்த இருக்கை சோணைமுத்துவுக்கு. இல்லையென்றால் மறுநாள் விடியலில் செங்கல் சூளைக்குப் புறப்படும் லாரியில் அவருக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். சூளைக்குப் போனவர் மழை விழுந்த பிறகே ஊர் திரும்ப முடியும்.

வீட்டில் மனைவி காளியம்மைக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. அடுப்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பதை இப்போது அவள் உள்ளங்கையை நீட்டித்தான் தெரிந்துகொள்கிறாள்.

அந்தக் கையை நினைத்தால் அவருக்கு லாரியில் கால் வைக்க மனம் வராது.

*

அவர் மோசமான சீடர் அல்லர். மண் அள்ளும் பக்கெட்டின் பல் வண்டலைத் தாண்டி அடிக்களிமண்ணைத் தொட்டதும், எஞ்சின் முனகும் முனகலிலேயே கையை நிறுத்திவிடுவார். அதைப் பாக்கியமேரி சொல்லித்தரவில்லை.

பகல் சோற்று நேரத்தில்தான் வம்பு. பக்கெட்டை ஆளுயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்துவார். எஞ்சினை அணைப்பார். மாட்டு வண்டியிலிருந்து குதிப்பதுபோல முன்பக்கம் பார்த்துத் தொப்பென்று குதிப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மண்வேலை செய்யும் அவர்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு நடுவே சோற்றுக்குப் போகிறவர், மண்வெட்டியைத் தரையில் கிடத்தமாட்டார். குவித்த மண்ணில் காம்பை ஊன்றி, வெட்டும் பக்கம் வானைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போவார். கிடத்தினால் வேலை முடிந்தது என்று பொருள். முடியாத வேலையில் கிடத்தினால் மீதி வேலை விளங்காது என்பார் அவருடைய தகப்பனார்.

"பக்கெட்டைத் தரையில வச்சுட்டு இறங்குங்க சித்தப்பு," என்று தொடக்கத்திலேயே சொன்னாள் பாக்கியமேரி.

"பாதி வேலை கிடக்கு தாயி. அதுக்குள்ள எப்படிப் படுக்கப்போடுறது?"

"இது மண்வெட்டி இல்ல."

"எனக்கு இது பெரிய மண்வெட்டி."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். பிறகும் சொன்னாள். அவரும் தலையாட்டினார். ஆனால் பகல் வந்தால் கை பழைய வழிக்கே போனது.

*

அன்றும் பகல் வந்தது. பக்கெட் மேலே நின்றது. எஞ்சின் அணைந்தது. சோணைமுத்து குதித்தார்.

இம்முறை பாக்கியமேரி சோற்று வாளியை எடுத்தாள். நிழல் தேடுகிறவள்போல நாலு பக்கமும் பார்த்தாள். நேரே போய், தொங்கும் பக்கெட்டுக்கு அடியில் கையால் மண்ணை நிரவி, சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வாளியைத் திறந்தாள்.

"ஏ தாயி! என்ன பண்ற?"

"சாப்புடப் போறேன்."

"அங்கன போயா உக்காருவ?"

"நல்ல நிழலு."

"மேல பாரு புள்ள!"

"பாத்தேன். நீங்க வச்சதுதான?"

"வெளாடாத. வெளிய வா."

"எதுக்கு வரணும்? நீங்கதான் இறங்கிட்டீங்களே."

"நான் இறங்கிட்டேன். அது இறங்கலையே!"



அவள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள்.

அவர் கேபினை நோக்கி ஓடினார். ஒரு காலைப் படியில் வைத்தார். அங்கேயே நின்றார். இனிப் பக்கெட்டை இறக்குவது என்றால் அவள் தலைமேல்தான் இறக்க வேண்டும்.

திரும்பி வந்தார்.

"உங்க ஆத்தாகிட்டச் சொல்லிப்புடுவேன்."

"சொல்லுங்க. குழம்புல உப்பு இல்லேன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க."

அப்போது கரைமேல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சேதுராசு.

சோணைமுத்து கைகூப்பினார். "தாயி, கும்புட்டுக் கேக்குறேன். அவரு இதைப் பாத்தா எனக்கு வேலை போச்சு."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குத்தான் என்னைய வெளிய கூப்புடுறீங்களா?"



அவர் கரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து அவள் பக்கத்தில் விரித்து, குனிந்து உள்ளே போய், அதன்மேல் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"தூக்கி வச்சவன் வெளியில, நீ உள்ள. என்ன நாயம் அது?"

அவள் வாளி மூடியில் ஒரு கைச் சோறு வைத்து அவரிடம் தள்ளினாள். எடுத்து வாயில் போட்டார்.

மேலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மூடியின் விளிம்பில் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தார். உட்காரும்போது பக்கெட்டின் பல்லுக்கும் கரைக்கும் நடுவே ஒரு சாண் வானம் தெரிந்திருந்தது. இப்போது ஒரு விரற்கடைதான் தெரிந்தது. கேபினில் ஆள் இல்லை. எஞ்சின் அணைந்தே இருந்தது.

"தாயி, அது வருது."

"வரும். எண்ணெய் கசியக் கசிய, யாரும் தொடாட்டியும் வரும்." அவள் வாளியை மூடினாள். "எந்திரிங்க சித்தப்பு. வெயில்ல உக்காந்து சாப்புடுவோம்."

அவள் வெளியே வரும்வரை அவர் எழவில்லை. அதன் பிறகே துண்டை உருவிக்கொண்டு வந்தார்.

கேபினில் ஏறினார். எஞ்சின் உறுமியது. பக்கெட் மெல்ல இறங்கி, பற்கள் மண்ணில் பதியப் படுத்தது. எஞ்சினைச் சிறிது நேரம் மூச்சு வாங்கவிட்டு அணைத்தார். லிவரைப் பூட்டினார். சாவியை உருவி மடியில் செருகினார். வண்டியைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் கால் வைத்து இறங்கினார்.

தரையில் நின்றதும் பக்கெட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"படுத்துக்கப்பா. பாதி வேலை இருக்கு, தெரியும். வந்துருவேன்."

பாக்கியமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சேதுராசு கரையிலிருந்து சறுக்கி இறங்கி வந்தார். அவர் கண்டது வெயிலில் நிற்கும் இருவரையும், தரையில் கிடக்கும் பக்கெட்டையும் மட்டுமே.

"என்ன மேரி, ஆளு எப்படி? வண்டி ஓட்டுவாரா?"

"ஓட்ட ஊருப்பட்ட பேரு இருக்காங்க, அண்ணே," என்றாள் பாக்கியமேரி. "இவரு இறங்குவாரு."

*

ஆரோக்கியம் இவ்விடத்தில் நிறுத்திவிட்டார்.

பரமக்குடிப் பக்கம் சொல்பவர்களிடத்தில், இருவரும் பக்கெட்டுக்கு அடியில் இருக்கும்போதே சேதுராசு வந்துவிடுகிறார். "தூக்கி வச்சது யாரு?" என்று கேட்கிறார். இருவரும் ஒரே மூச்சில் "நான்தான்" என்கிறார்கள். அந்த வடிவத்தில் இருவருக்குமே வேலை போகிறது.

காளியம்மை பிறந்த ஊர்ப் பெண்கள் சொல்வது இரண்டிலும் சேராது. வேலை கிடைத்ததா, லாரி என்னவாயிற்று என்ற பேச்சே அதில் இல்லை. அதன்பின் சோணைமுத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலைவிட்டு இறங்கும்போதும், கட்டிலைப் பார்த்தபடி, சட்டத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் கால் வைத்தே இறங்கினார் என்கிறார்கள். கண் தெரியாத காளியம்மை கயிறு முனகும் ஓசையிலேயே அதைக் கண்டுபிடித்து, விடிகாலைதோறும் சிரித்தாள் என்று முடிக்கிறார்கள்.