பன்னிரண்டு அடி ஆழம்

தாண்டவராயர் மாட்டுத் தரகராக இருந்து சீடரானவர். ஆறடி ஆள். கோபம் மூக்கு நுனியில். யாரும் சொல்லித் தராமல், நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவர். அவருடைய குரு நாச்சியம்மை அவரைவிட வயதில் சிறியவர்.

ஆசிரமத்துப் பள்ளியில் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற வேலை அவருடையது. பிள்ளைகளுக்கு இரண்டும் வந்துவிட்டால் அவருக்குத் தீட்சை என்பது குருவோடு பேச்சு.

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள். காலையில் ஆற்றங்கரையிலேயே குருவைப் பிடித்துக்கொண்டார். கையில் பிரம்பு.

"பேசினபடி முடிச்சாச்சு தாயே. தீட்சையைக் கொடுங்க."

"அதுக்குள்ளேயா?"

"ஒரு எழுத்துப் பிசகாம வாசிக்குதுங்க. கணக்குன்னா, நான் கேட்டு வாய் மூடுறதுக்குள்ள விடை வந்து விழுது. இன்னும் என்ன வேணும்? சரக்கைப் பார்த்த பிறகும் இழுத்தடிக்கக் கூடாது."

குரு சிரிக்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு, தாண்டவராயரே."

விடுமுறையில் லாரிகள் வந்து நடு ஆற்றில் மணல் அள்ளிக்கொண்டு போயிருந்தன. பிறகு புதுத் தண்ணீர் வந்து குழியை மூடிவிட்டது. பார்த்தால் எப்போதும் போல முழங்கால் அளவுதான் என்று தோன்றும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு இறங்கி வருகிற இடம் அது.

"இதுக்கா பயம்? ரெண்டு கரையிலயும் பலகை நட்டிருக்காங்களே!" என்றார் தாண்டவராயர். பக்கத்துப் பலகையைப் பிரம்பால் தட்டித் தட்டி, வகுப்பில் வாசிக்கிற ராகத்திலேயே உரக்க வாசித்தார். "நடு ஆற்றில் மணல் குழி. ஆழம் பன்னிரண்டு அடி. யாரும் இறங்க வேண்டாம்."

"பிள்ளைகளும் இப்படித்தான் வாசிக்குமா?"

"அச்சு அசல் இப்படியே."

குரு அக்கரையைப் பார்த்தார்.

அக்கரையில் பிள்ளைகள் வந்துவிட்டன. அகலமில்லாத ஆறு. அங்கே பேசினால் இங்கே கேட்கும். புதுப் பலகையைப் பார்த்ததும் வரிசையாக நின்றன. முன்னால் மாரிக்கொழுந்து, வகுப்பில் முதலாவதாக வருகிற பெண்.

"நடு ஆற்றில் மணல் குழி," என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் சேர்ந்து பாடின. "ஆழம் பன்னிரண்டு அடி. யாரும் இறங்க வேண்டாம்."

ஒரு பிசகில்லை. தாண்டவராயர் குருவைத் திரும்பிப் பார்த்தார். கேட்டீர்களா என்கிற பார்வை.

குருவின் முகம் வெளுத்திருந்தது. தாண்டவராயர் மறுபடி அக்கரையைப் பார்த்தார்.

மாரிக்கொழுந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மற்றவை.

"நில்லு!"

அவர் போட்ட குரலுக்குப் பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றன. ஒன்றிரண்டு பழக்கத்தில் அடி வாங்க உள்ளங்கையை நீட்டின.

"ஏறுங்க மேல! பலகைய வாசிச்சீங்களா இல்லையா?"

"வாசிச்சோம் சார்," என்றாள் மாரிக்கொழுந்து கரையேறிக்கொண்டே. "தப்பில்லாமத்தான் சார் வாசிச்சோம்."

"அதுல என்ன போட்டிருக்கு?"

அவள் மறுபடியும் ராகத்தோடு ஆரம்பித்தாள்.

"நிறுத்து! குழி ஆழம் பன்னிரண்டு. உன் உயரம் நாலு. கழி!"

"எட்டு சார்!" கண் இமைக்கும் நேரத்தில்.

குரு மெல்லக் கேட்டார். "எட்டு என்ன?"

தாண்டவராயர் அதையே கத்தினார். "எட்டு என்னடி?"

அவளுக்கு விளங்கவில்லை. பலகையைப் பார்த்தாள். பிரம்பைப் பார்த்தாள்.

"விடை சார்."

தாண்டவராயருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி அந்தப் பயமே கோபமாகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். "அங்கேயே நில்லுங்க. வந்து வச்சுக்கிறேன் உங்களை!" என்று தண்ணீரில் இறங்கினார்.

"தாண்டவராயரே," என்றார் குரு. அவர் காதில் விழவில்லை.

கணுக்கால். முழங்கால். திட்டிக்கொண்டே போனார். தொடை. மனப்பாடம் பண்ணுதுங்களா, என்னையே ஏமாத்துதுங்களா என்று கத்தினார். இடுப்பு.

அக்கரையில் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சார் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அது வகுப்பின் முதல் விதி. பேசியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் பிரம்பை முன்னால் ஊன்றினார். பிரம்பு போனது. மணிக்கட்டு போனது. முழங்கையும் போனது. எதுவும் தட்டவில்லை. காலடி மணல் மெதுவாகச் சரிய ஆரம்பித்தது.

"சார்! போகாதீங்க சார்!"

மாரிக்கொழுந்துதான். அந்தக் குரலில் ராகம் இல்லை. கிழிந்துபோன குரல்.

"பலகையில போட்டிருக்கு சார்! குழி சார்! உங்க தலைக்கு மேல இன்னும் ஆறடி தண்ணி சார்!"

தாண்டவராயர் பின்பக்கமாக விழுந்தார். கையும் காலும் அடித்து, தண்ணீரைக் குடித்து, இந்தக் கரைப் பக்கமே தவழ்ந்து வந்து சேர்ந்தார். குரு கைகொடுத்துத் தூக்கினார்.

அக்கரையில் மாரிக்கொழுந்து தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் பாலத்து வழியா சுத்தி வாங்க," என்று குரு குரல் கொடுத்தார். "நேரமானாலும் பரவாயில்லை. யாரும் அடிக்க மாட்டாங்க."

பிள்ளைகள் நகர்ந்தன. கடைசிப் பிள்ளை கண்ணிலிருந்து மறையும் வரை குரு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரம்பு போச்சு," என்றார் தாண்டவராயர். பல் கிட்டித்தது.

"போகட்டும்."

"நான் உங்ககிட்ட வாசிச்சுக் காட்டின பலகை தாயே. நானே இறங்கிட்டேன்."

"பார்த்தேன்."

"என் உயரத்துக்குக் கழிக்க நான் அவளுக்குக் கணக்குக் கொடுக்கலையே. எப்படிப் போட்டா?"

குரு அவர் தலையைத் தன் துண்டால் துவட்டிவிட்டார்.

தாண்டவராயர் கேட்டார். பேரம் பேசுகிற குரல் எங்கோ போயிருந்தது. "இனிமே அந்த வகுப்புக்குள்ள நான் என்ன செய்யட்டும்?"

"கரும்பலகையில ஒரு கணக்கைத் தப்பாப் போடும். போட்டுட்டுச் சும்மா நில்லும். யாராவது கத்துறாங்களான்னு பாரும்."

"யாருமே கத்தலைன்னா?"

குரு துண்டைப் பிழிந்தார்.

"அப்போ நீர் பயப்படும்."