வெள்ளைக் கோட்டு சூசை

நாச்சியப்பன் ஆன்லைனில் மருந்து விற்பவர். மருந்தாளுநர் என்று ஒருவரை வைத்ததே இல்லை. சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றதும், டிரைவர் சூசைக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தார். பார்சல் கட்டும் பூரணத்திடம், "உண்மையைச் சொன்னே, வேலை போச்சு" என்றார்.

அதிகாரி அம்மாள் வந்தார்.

"ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் இவர்தான் மேடம் படிச்சுப் பார்ப்பார்" என்று நாச்சியப்பன் அளந்தார்.

பூரணம் பவ்யமாக ஒரு சீட்டைச் சூசையிடம் நீட்டினாள். "சார், வலிப்பு வர்ற குழந்தைக்காம். டாக்டர் எழுத்து எனக்குப் புரியலை. என்ன மாத்திரைன்னு சொல்லுங்க, கட்டிடறேன்."

சூசை சீட்டைத் தலைகீழாகவும் பார்த்தான். வியர்த்துக் கொட்டியது. கோட்டைக் கழற்றிவிட்டான். "நான் டிரைவருங்க மேடம்."

கடைக்கு சீல் விழுந்தது.

"சொல்லாதேன்னேனே!" என்று நாச்சியப்பன் பூரணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"நான் எங்கே ஐயா சொன்னேன்? கேட்கத்தானே செஞ்சேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மருந்தாளுநரை வச்சுட்டுக் கடையைத் திறங்க. அன்னிக்கு இந்தம்மாவும் இங்கே வேலையில இருக்கணும். நான் வந்து பார்ப்பேன்."

வாசலில் சூசை பூரணத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, நீங்க கேட்கலேன்னா நாளைக்கும் அந்த நாற்காலியில நான்தான் உட்கார்ந்திருப்பேன். எந்தக் குழந்தைக்கு எதைக் கொடுத்திருப்பேனோ!"